ரெண்டு காலேஜும் ஒரு கறிக்குழம்பும்

முட்டைப் பெட்டியக் கால்கிட்டயே வெச்சுக்குங்க தம்பி. ஆரும் தூக்கிட்டுப் போயிர மாட்டாங்க. அவிச்ச முட்டைய எவன் திருடப் போறான், அதுவும் மஞ்சக்கருவ எடுத்துப்போட்ட முட்டைய. இப்படி நெழலுக்கு வாங்க. இந்த மொதப் படி எங்க டீம் பெஞ்சுக்கு நேர் பின்னால, அவிங்க குசுகுசுன்னு பேசறதுகூடக் கேக்கும். உங்க பெஞ்சு அக்கட்டால இருக்குது, கூப்புட்டா ரெண்டு எட்டுல போயிரலாம். மேட்ச் ஆரம்பிக்க இன்னும் கொஞ்ச நேரம் ஆகும்.

நான் ஆருன்னு தெரியுமுங்களா? தெரியுமா? ஆரு சொன்னா, உங்க பி.டி. மாஸ்டர் தேவசகாயம் சாரா? என்னன்னு சொன்னாரு? வேண்டாம், உடுங்க. நீங்க சிரிக்கறதுலயே தெரியுது.

நானே சொல்லிப்போடறேன். சென்னியப்பன். உங்க ஆத்தோரக் காலேஜ் ஆஸ்டல்ல பதினோரு வருசம் மெஸ் மாஸ்டர். இப்ப நீங்க நிக்கற அதே அடுப்புக்கு முன்னால நின்னவன். ஜூன் மாசத்துல இருந்து இந்தக் கரட்டுக் காலேஜ்ல இருக்கறேன். நீங்க கேட்டரிங் படிச்சவருன்னு கேள்விப்பட்டேன். நான் படிக்கலீங்க. உங்க மேல எனக்கு ஒரு வருத்தமும் கெடையாது, சத்தியமா. அந்தப் பெரிய இட்லிக் கொப்பரைல கடைசித் தட்டு நெளிஞ்சிருக்கும். அத ஒதுக்கி வெச்சுப்போடுங்க, இட்லி களியாப் போயிரும். என்னது, ஏற்கெனவே இட்லியே ஊத்தறதில்லையா? ஓட்ஸா? சரிங்க தம்பி. நான் ஒண்ணும் சொல்லல.

அங்க நோட்டீஸ் போர்டுல எங்க பசங்க ஒரு சார்ட் ஒட்டியிருக்காங்க, பாத்தீங்களா? ஆத்தோரம் ஒரு பக்கம், கரடு ஒரு பக்கம். ஆரு எத்தன அடி உயரம், போன வருசம் எத்தன பாயிண்டு, எத்தன ரீபவுண்டுன்னு கலர் கலரா எழுதியிருக்காங்க. பேஸ்கட்பால் சீசனோட மொத மேட்ச்சாம், ஆரு ஜெயிப்பான்னு கணக்கு. எனக்குச் சிரிப்பா வந்துச்சுங்க. டீமப் பாக்கோணும்னா கோர்ட்டுல பாக்கக் கூடாது, பந்தில பாக்கோணும். எல போட்டு உக்கார வெச்சுப்போட்டு, நின்னு பாத்தா எல்லாம் தெரிஞ்சுபோகும்.

இப்ப உங்க ஆஷிக் இருக்கறானே. இப்ப அவன்தானே கேப்டன்? பொரியல் வாளி அவன்கிட்ட வந்துச்சுன்னா அப்பறம் அடுத்த எலைக்கு வெறும் வாளிதான் போகும். கோர்ட்டுலயும் பாருங்க, பந்து அவன் கைக்குப் போச்சுன்னா திரும்பி வராது. வளையத்துல உழுந்துரும், இல்லைன்னா வெளிய போயிரும். நல்ல பையன்தான். ஆனா அவன்கூட ஆடற நாலு பேரும் சும்மா கூட ஓடறதுக்குத்தான்.

எங்க கேப்டன் இளம்பரிதி அப்படியில்ல. பக்கத்து எலைக்கு அப்பளம் வந்துச்சான்னு பாத்துட்டுத்தான் தன் அப்பளத்துல கை வெப்பான். பாஸும் அப்படித்தான் இருக்கும், எவன் காலியா நிக்கறான்னு பின்னால கண்ணு இருக்கற மாதிரி தெரியும். அந்தா, அந்த நெட்டையன் தீரன், கொடுமுடிப் பையன். எல முன்னால உக்காந்தான்னா குனிஞ்ச தல நிமிர மாட்டான், பொண்ணு பாக்க வந்த மாதிரி. வளையத்துக்குக் கீழயும் அதே மாதிரிதான், தோள வெச்சு நின்னான்னா நகத்த முடியாது. அப்ப கேப்டனுக்குக் கேப்டன் நாங்க மேல. நெட்டையனுக்கு நெட்டையன்...

உங்க யுகேந்திரனப் பத்திக் கேக்கறீங்களா? நான் அவனப் பத்திப் பேசறதில்லீங்க.

பேசறதில்லைன்னாலும் உள்ளதச் சொல்லோணும். அவன் பந்தில கடைசி எலைல உக்காருவான். எல்லாருக்கும் வந்து முடிஞ்சப்பறம்தான் தனக்குக் கேப்பான். ஒருக்கா அப்பளக் கூடை மேசைல இருந்து சாஞ்சுருச்சுங்க. இந்தப் பக்கம் பேசிட்டே இருந்தவன் அந்தப் பக்கம் கைய நீட்டிப் புடிச்சுப்போட்டான், ஒண்ணுகூட ஒடையல. வளையத்துல பட்டுத் திரும்பற பந்தப் புடிக்கறதுல, அதான் ரீபவுண்டுல, அவன அடிக்க இந்த ஜில்லாவுலயே ஆளு கெடையாது. அந்தச் சார்ட்ல அவன் பேருக்கு நேரா கொறச்சு எழுதியிருக்காங்க. சரி, அது எனக்கு எதுக்கு. நான் இப்ப கரட்டுக் காலேஜ்.

மத்தியானம் நீங்களும் இருந்தீங்களே, பாத்தீங்க. வர்ற டீமுக்குச் சாப்பாடு போடறது நடத்தற காலேஜோட மொறை. நான் பன்னெண்டு எல போட்டு, தண்ணி தெளிச்சு, உப்பு வெச்சு வெச்சிருந்தேன். உங்க சார் பசங்கள உக்கார வெச்சு, பெட்டியத் தொறக்கச் சொல்லி, என் எலைல உங்க முட்டைய வெக்கச் சொன்னாரு. எல மட்டும் எங்கூட்டது, மேல ரெண்டு முட்டை, ஒரு வாழப்பழம், ஒரு கையளவு சுண்டல். எனக்கு எப்படி இருந்திருக்கும். கல்யாண ஊட்டுக்கு வந்து டிபன் கேரியரத் தொறந்த மாதிரி. உங்களச் சொல்லலீங்க தம்பி, நீங்க சீட்டுல எழுதிக் குடுத்ததச் செய்யறீங்க.

அப்ப இந்த யுகேந்திரன் எந்திரிச்சுக் கவுண்டர்கிட்ட வந்தான். "அண்ணா, நல்லாருக்கீங்களா? வாசமே சொல்லுதுண்ணா, கறிக்குழம்புதானே?"ன்னான். "தண்ணி அங்க இருக்குது, எடுத்துக்க"ன்னேன். அவன் தண்ணி எடுத்துக் குடிச்சுப்போட்டுப் போயிட்டான். நான் செஞ்சது சரிதானுங்களே?

உங்களுக்கு வெவரம் தெரியாதா? தேவசகாயம் சார் சொல்லலையா? அப்பறம் எதுக்குச் சிரிச்சீங்க. சரி, கேளுங்க. போன பிப்ரவரில பைனல். பதினோரு வருசத்துல உங்க காலேஜ் பைனலுக்குப் போனது அதுதான் மொதத் தடவ. பசங்களுக்கு நல்லாப் போடோணுமா வேண்டாமா? நான் காலைல நாலு மணிக்கே எந்திரிச்சு வெள்ளாட்டுக் கறிக்குழம்பு, பள்ளிபாளையம் சிக்கன், அரிசிம்பருப்புச் சோறு, ரசம், கட்டித் தயிரு, கடைசில பச்சப்பயிறுப் பாயாசம்னு செஞ்சேன். போதும்ணான்னு எலைல கைய மறைச்சவனுக்குக் கை மேலயே ஊத்துனேன். சாயந்திரம் மேட்ச். ரெண்டாவது குவாட்டர்ல இந்த யுகேந்திரன் மேல எகிறி ஒரு பந்த எடுத்தான். கீழ எறங்குனவன் அப்படியே கம்பத்துக்குப் பின்னால போயி உக்காந்து வாந்தி எடுத்துப்போட்டான். அதோட வெளிய உக்கார வெச்சுட்டாங்க. ரெண்டே பாயிண்டு. ரெண்டு பாயிண்டுல கப்பு போச்சு.

ஆருக்கும் ஒண்ணும் ஆகலீங்க, அவனுக்கு மட்டும்தான். மத்தவிங்க ஓடுனாங்க. மெதுவா ஓடுனாங்கன்னு சார் சொல்றாரு. பைனல்னா பயத்துல கால் வராதுங்க, அது சோத்தாலயா?

மேட்ச் முடிஞ்சு துணி மாத்தற ரூம்ல வெச்சு சார் கேட்டாரு. நான் மோர்ப் பானையோட வாசப்படில நிக்கறேன். "யுகேந்திரா, என்னல தின்ன?"ன்னாரு. அவரு நாகர்கோவில் பக்கம், கோவம் வந்தா ஊரு பேச்சு வந்துரும். அவன் என்னப் பாத்துட்டே சொன்னான், "பஸ் ஸ்டாண்டுக் கடைல புரோட்டா தின்னேன் சார்"ன்னு. அத்தன பேருக்கு முன்னால. எம்மூஞ்சியப் பாக்கறான். வெக்கமா இருந்திருக்கும், இத்தன ருசியாப் போட்டும் கடைக்குப் போயிட்டமேன்னு.

சார் அங்கயே அவன கேப்டன்ல இருந்து எடுத்துப்போட்டாரு. மேட்ச் அன்னிக்குக் கடைல தின்னவன் எப்படி மத்தவங்களுக்குச் சொல்லுவான்னு கேட்டாரு. அது நாயம். நான் ஒத்துக்கறேன். அவன் தப்பு, அவன் அனுபவிச்சான்.

ஆனா அடுத்த நாள் என்னக் கூப்புட்டு, "சென்னியப்பன், இனிமே மேட்ச் இருக்க அன்னைக்கு பசங்களுக்கு நீங்க சமைக்க வேண்டாம்"ன்னாரு. ஒரு சீட்டு குடுத்தாரு, முட்டை, ஓட்ஸ், சுண்டல்னு. அது எந்த ஊரு நாயமுங்க? அவனே கடைல தின்னேன்னு ஒத்துக்கிட்டான். அப்பறம் எனக்கு எதுக்குத் தண்டன? இதத்தான் நான் ஆறு மாசமாக் கேக்கறேன். என் ஊட்டுல கேட்டேன், என் மச்சினன்கிட்டக் கேட்டேன், அந்த வேலைய உட்டுப்போட்டு இங்க வந்து எங்க பி.டி. சாருகிட்டயும் கேட்டேன். நீங்க படிச்சவரு, நீங்க சொல்லுங்க.

சொல்ல வேண்டாம். இன்னிக்கே தெரிஞ்சுபோகும்.

ஏன்னா, கிட்ட வாங்க, மெதுவாச் சொல்றேன். இன்னிக்கு மத்தியானம் எங்க பசங்களுக்கு அன்னிக்குப் போட்ட அதே சாப்பாடு. ஒரு ஐட்டம் மாத்தல. அதே வெள்ளாட்டுக் கறி, அதே பள்ளிபாளையம், அதே பாயாசம். விருந்தாளிக் காலேஜ் வருது, விசேசமாப் போடறேன்னு எங்க சாருகிட்டச் சொன்னேன், சரின்னுட்டாரு. இதத் தின்னுப்போட்டு இவிங்க உங்கள ஜெயிச்சுட்டாங்கன்னு வைங்க. அப்ப அன்னிக்குத் தோத்தது என் சோத்தால இல்லைன்னு தேவசகாயம் சாருக்கு அவரு கண்ணு முன்னாலயே தெரிஞ்சுபோகும். அவரு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். உங்க வேலையத் திருப்பிக் கேக்க மாட்டேன், பயப்படாதீங்க. தப்பு என் மேல இல்லைன்னு ஒரு வார்த்தை. எனக்கு வேண்டியது அவ்வளவுதானுங்க.

அதனால இன்னிக்கு ஜெயிச்சே ஆகோணும். பசங்களுக்கும் அது தெரியும், நானே ஒவ்வொரு எலைக்கும் போயிச் சொன்னேன், எனக்காக ஜெயிங்க கண்ணுன்னு. தீரன் மூணு தடவ கறி வாங்கி உண்டான். ஆறாவது கரண்டிச் சோத்துக்கு மேல போதும்ணான்னான், அட வளர்ற பையன், உடுவனா. பாயாசத்தோட அப்படியே ஸ்டோர் ரூம்ல அரிசி மூட்டை மேல சாஞ்சு தூங்கிட்டான். கொறட்டை சத்தம் அடுப்பு வரைக்கும் கேட்டுச்சு. நான்தான் இப்ப மூணேகாலுக்குத் தண்ணி தெளிச்சு எழுப்பி உட்டேன். நல்லாத் தின்னுப்போட்டு நல்லாத் தூங்குனா ஒடம்புல தெம்பு நிக்குமுங்க. உங்க பசங்களப் பாருங்க, மத்தியானம் தின்னது எங்க போச்சுன்னே தெரியல, துள்ளிட்டுத் திரியறாங்க. பாவம், பசியா இருக்கும்.

விசில் ஊதியாச்சு. பாருங்க, பந்தத் தூக்கிப் போடறாங்க.

தீரன் எகிறவே இல்லீங்களே? மொதப் பந்துதானே, உடறான். பெரிய மனசு. பாருங்க, ஆஷிக் போட்டுட்டான். நான்தான் சொன்னேனே, பந்து அவன்கிட்டப் போனா. பரவால்ல, ரெண்டு பாயிண்டு.

இளம்பரிதி எதுக்கு இடுப்பப் புடிச்சுட்டு நிக்கறான்? யோசன பண்றான். அவன் எப்பவும் யோசன பண்ணித்தான் பாஸ் குடுப்பான். அட, ஓடு கண்ணு. அவன் ஓடறதுக்குள்ள உங்க யுகேந்திரன் ரெண்டு தடவ இக்கட்டயும் அக்கட்டயும் போயிட்டு வந்துட்டான். இருக்கட்டும். பந்து புதுசுங்க, கைல வழுக்கும். வெயில் வேற மூஞ்சிக்கு நேரா அடிக்குது. அரை நேரத்துக்கு அப்பறம் பக்கம் மாறும், அப்ப உங்க பசங்களுக்கும் அடிக்கும்.

மொதக் குவாட்டரு எவ்வளவு? இருபத்தி ஒண்ணுக்கு எட்டா? போர்டு சரியாப் போட்டிருக்காங்களான்னு பாருங்க. எங்க காலேஜ் போர்டுதான், இருந்தாலும்.

நெனைக்கறதச் சொல்லுங்க தம்பி, தப்பா எடுத்துக்க மாட்டேன். கொஞ்சம் சாஞ்சு சாஞ்சு ஓடறாங்கன்னுதானே பாக்கறீங்க? எனக்கும் தெரியுது, எனக்கும் கண்ணு இருக்குது. மொத மேட்ச்சுல அப்படித்தான் இருக்கும், ஒடம்பு இன்னும் பழகல.

அய்யோ, தீரன் எங்க போறான்? பந்து அங்க கெடக்குது, அவன் எதுக்கு இங்க வர்றான்? கம்பத்துக்குப் பின்னால...

உடுங்க, நீங்க எந்திரிக்காதீங்க. பசங்க புடிச்சுக்கிட்டாங்க. எல்லாம் வெளிய வந்துருச்சு, இனி சரியாப் போயிரும். தண்ணி குடுக்கறாங்க. பெஞ்சுக்குக் கூட்டிட்டு வர்றாங்க. நமக்கு நேர் முன்னாலதான் உக்கார வெக்கறாங்க. பேசாம இருங்க, எங்க சார் கேக்கறாரு.

என்ன சொன்னான்? நீங்களும் கேட்டீங்கல்ல? "கேண்டீன்ல பப்ஸ் தின்னேன் சார்"ன்னு சொன்னானா?

அவன் கேண்டீன் போகலீங்க தம்பி. பந்தில இருந்து நேரா ஸ்டோர் ரூமுக்குத்தான் போனான். ஆரும் எழுப்பிரக் கூடாதுன்னு நான்தான் வெளிய பூட்டு போட்டேன். சாவி இந்தா, என் மடில இருக்குது. மூணேகாலுக்கு நானே தொறந்து, நானே கையப் புடிச்சுக் கூட்டிட்டு வந்து கோர்ட்டுல உட்டேன். பப்ஸ எப்பத் தின்னான்? பொய் சொல்றான். எங்க சாரு திட்டறாரு, அடுத்த மேட்ச்சுல நீ இல்லைங்கறாரு. அவன் தலையக் குனிஞ்சுட்டு வாங்கிக்கறான். சொல்லேன்டா, மாஸ்டர் ஊத்துனாருன்னு சொல்லேன்.

பாருங்க, இப்பத் திரும்பி என்னப் பாக்கறான்.

இதே மாதிரிதானுங்க பாத்தான் அவனும்.

இருங்க தம்பி. சித்த இருங்க. அன்னிக்கு பிப்ரவரில, பந்தி முடிஞ்சு யுகேந்திரன் கை கழுவுனான். என்கூட ஒரு கை புடிச்சு மோர்ப் பானையத் தூக்கி பஸ்ல வெச்சான். பக்கத்துல உக்காந்து, பானை சாயாம கால முட்டுக் குடுத்துட்டே வந்தான். கிரவுண்டு வரைக்கும் அப்படியேதான் வந்தான். எறங்கறப்பவும் என்கூடத்தான் எறங்குனான். பஸ் நடுவுல எங்கயும் நிக்கல. பஸ் ஸ்டாண்டு அந்த வழிலயே கெடையாது.

அவன் எந்தக் கடைக்கும் போகலீங்க.

ஆறு மாசம். ஆறு மாசமா நான் ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சேன், கடைல தின்னு கப்பக் கெடுத்தவன்னு. பதினோரு வருசம் சோறு போட்டனே, எவன் எத்தன இட்லி உண்பான்னு தெரியும், எவன் எதுக்கு மூஞ்சியச் சுளிப்பான்னு தெரியும். இது தெரியல. இருபது வயசுப் பையன் எனக்காகப் பொய் சொல்லி, கேப்டன் பதவியையும் குடுத்துட்டு, இன்னிக்கு என் கவுண்டருக்கு வந்து நல்லாருக்கீங்களாண்ணான்னு கேக்கறான். நான் தண்ணி அங்க இருக்குதுங்கறேன். சோத்தால இல்லைன்னு ஒரு வார்த்தை கேட்டு வாங்கோணும்னு இந்தப் பன்னெண்டு பேத்துக்கும் வயித்த நெரப்பி அனுப்பிப்போட்டேன். அன்னிக்குத் தோத்தது என் கையாலதானுங்க தம்பி. இன்னிக்கும்.

அந்தா, அரை நேரத்துக்கு விசில் ஊதிட்டாங்க. தேவசகாயம் சார் பசங்களோட நிக்கறாரு, யுகேந்திரனும் அங்கதான் இருக்கறான். கொஞ்சம் நகந்துக்குங்க, எறங்கறேன். எங்க சாருகிட்டயும் தீரனப் பத்திச் சொல்லோணும், அது ரெண்டாவது. மொதல்ல அங்க போயி, அத்தன பேருக்கு முன்னால, அந்தப் பையன் புரோட்டா திங்கலைன்னு சொல்லோணும்.

என்னது, மேட்ச் முடியட்டுமா? வேண்டாமுங்க தம்பி. மேட்ச் முடியறதுக்குள்ள நான் இதுக்கும் ஒரு சமாதானம் கண்டுபுடிச்சுப்போடுவேன். என்னப் பத்தி எனக்குத் தெரியும்.